ஓடும் பெண்ணுக்கு ஒரு நோட்டு

விடிகாலை நேரம். பீகார் மாநிலத்தின் கிராமச் சாலைகளில் இளம் பெண்கள் ஓடுவதைப் பார்க்கலாம். அவர்கள் காவலர் வேலைக்குத் தயாராகிறார்கள். மத்தியப் படைகளில் காவலராகச் சேர ஒரு பெண் 1.6 கிலோமீட்டர் தூரத்தை எட்டரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். மாநில அரசு வேலைகளும் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டில் பீகார் அரசு தன் வேலைகளில் பெண்களுக்கு 35 விழுக்காடு இடம் ஒதுக்கியது. அதனால் பல வீடுகளில் புதிய ஆசை பிறந்தது.

ஓட்டத்துக்கு யாராவது வழி சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குத்தான் யாரும் வழி சொல்வதில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். மகளுக்கு வயது 19. எடை 50 கிலோ. காலையில் ஓடுகிறாள். பிறகு தண்ணீர் சுமக்கிறாள். மாட்டுக்குப் புல் அறுக்கிறாள். முதல் மாதம் 1.6 கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஓடினாள். மூன்றாம் மாதம் பத்து நிமிடம் ஆனது. "இன்னும் அதிகமாக ஓடு" என்றார்கள் தெரிந்தவர்கள். அவளும் ஓடினாள். வேகம் கூடவில்லை. படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

அவளுடைய தாய் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். மகள் ஒரு நாளில் சாப்பிட்டதை எல்லாம் எழுதினார். முதல் பக்கம் இப்படி இருந்தது:

காலை 5 மணி: ஒன்றும் இல்லை. ஓட்டம் 5 கிலோமீட்டர்.
காலை 7 மணி: தேநீர்.
பகல் 11 மணி: சோறு, உருளைக்கிழங்குக் கறி, தேநீர்.
மாலை: தேநீர்.
இரவு: இரண்டு ரொட்டி. பருப்பு தீர்ந்துவிட்டது.

"ரொட்டி ஏன் இரண்டே இரண்டு?" என்று கேட்டார் தாய்.

"அப்பாவும் தம்பியும் சாப்பிட்ட பிறகு அவ்வளவுதான் இருந்தது, அம்மா. நீங்களும் சாப்பிட வேண்டுமே."

பக்கத்தில் எழுதிய பிறகுதான் இது கண்ணில் பட்டது. தினமும் நடப்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம். உணவு உடலுக்குத் தரும் ஆற்றலைக் கலோரி என்று அளக்கிறார்கள். ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. இது 1918-ஆம் ஆண்டு நம் குன்னூரில், ஒரே ஓர் அறையில் தொடங்கிய ஆய்வுக்கூடம். யாருக்கு எவ்வளவு உணவு தேவை என்று இந்த நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் கணக்குச் சொன்னது. 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்தால் ஒரு நாளைக்கு 1660 கலோரி போதும். நடுத்தர உழைப்பு என்றால் 2130. கடின உழைப்பு என்றால் 2720.

உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் கடுமையாக உழைக்கும் பெண்ணுக்கும் 1060 கலோரி வித்தியாசம். 30 கிராம் மாவில் சுட்ட மெல்லிய ரொட்டி ஒன்று ஏறக்குறைய 100 கலோரி தரும். அப்படியானால் பத்து ரொட்டிக்கு மேல் வித்தியாசம்! ஆனால் பெரும்பாலான வீடுகளில் உழைக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது மிச்சம்தான்.

ஓட்டத்துக்கு மட்டும் எவ்வளவு? அதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கலோரி. 50 கிலோ பெண் 5 கிலோமீட்டர் ஓடினால் 250 கலோரி செலவாகும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு சிறு கட்டி வெல்லமும் இதை ஏறக்குறைய ஈடு செய்துவிடும். பெரிய செலவு இல்லை. ஆனால் தினமும் ஈடு செய்யாமல் விட்டால் உடல் தன் சதையையே கரைத்துச் செலவு செய்யும்.

ஆற்றல் மட்டும் போதாது. ஓடும்போது தசை தேய்கிறது. அதைப் பழுது பார்க்கப் புரதம் வேண்டும். சாதாரணமாகவே ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 46 கிராம் புரதம் தேவை. கடும் பயிற்சி செய்கிறவளுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கடையில் விற்கும் விலை உயர்ந்த டப்பா மாவை வாங்க வேண்டியதில்லை. பீகாரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாவு உண்டு. வறுத்த கடலையை அரைத்த மாவு அது. அதற்குப் பெயரே 'சத்து'! நம் காதுக்கு எவ்வளவு பொருத்தமான பெயர். 50 கிராம் மாவில் ஏறக்குறைய 10 கிராம் புரதமும் 200 கலோரியும் இருக்கின்றன. அதைத் தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து குடிப்பார்கள். ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இதைக் குடிப்பது நல்லது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டையில் 6 கிராம் புரதம்.

படியில் ஏன் மூச்சு வாங்கியது? இரத்த சோகை காரணமாக இருக்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்த சோகை என்று சொல்கிறது. நுரையீரல் இழுக்கும் காற்றை இரத்தம்தான் தசைக்குக் கொண்டு போகிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தால் எவ்வளவு ஓடிப் பழகினாலும் வேகம் வராது. சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிட வேண்டும். கீரையும் பருப்பும் சாப்பிடும்போது எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சேராது. நோட்டில் 11 மணிக்கு எழுதியிருந்த தேநீரைத் தாய் அன்றே தள்ளி வைத்தார்.

நோட்டில் இன்னும் மூன்று செய்திகளை எழுதலாம். முதலாவது எடை. வாரத்தில் ஒரு நாள், ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் பார்த்தால் போதும். வாரா வாரம் எடை இறங்கினால் உணவு போதவில்லை என்று அர்த்தம். இரண்டாவது தூக்கம்.

மூன்றாவது மாதவிலக்கு வந்த தேதி. இதை எழுதப் பல பெண்கள் கூச்சப்படுகிறார்கள். ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். உணவு குறைந்து உழைப்பு கூடினால் உடல் முதலில் நிறுத்தும் வேலைகளில் இதுவும் ஒன்று. "ஓடுவதால் நின்றுவிட்டது, நல்லதுதான்" என்று விட்டுவிடக் கூடாது. அந்தச் சமயத்தில் எலும்பும் பலம் இழக்கிறது. கீழே விழாமலே கால் எலும்பில் கீறல் விழலாம். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஒரே நாளில் எடை ஏறினாலும் இறங்கினாலும் அது பெரும்பாலும் தண்ணீர். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டி வரை வந்தார். போட்டி நாள் காலையில் எடை 100 கிராம் கூடுதலாக இருந்தது. எடையைக் குறைக்க இரவு முழுவதும் பாடுபட்டும் பலன் இல்லை. போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். உடலில் நீர் வற்றியதால் அவருக்குச் சிகிச்சையும் தேவைப்பட்டது. அது மல்யுத்தத்தின் விதி. காவலர் வேலைக்கு ஓடும் பெண் பட்டினி கிடந்து உடம்பை இளைக்க வைக்க வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி எண்ணிப் பயப்படுவதும் தவறு. நோட்டு உடம்பைக் கவனிக்கத்தான். காவல் காக்க அல்ல. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காக எழுதினால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும். பிறகு வாரத்துக்கு ஒரு பக்கம் போதும்.

அந்த வீட்டில் இப்போது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பருப்பைப் பங்கு போடுவது தாய். தன் தட்டிலும் அவர் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்கிறார்.

தேர்வு நாளன்று புதிய உணவு எதுவும் வேண்டாம். ஓட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு, பழகிய சாப்பாட்டை அளவாகச் சாப்பிட வேண்டும். ரொட்டியும் வாழைப்பழமும் சரிப்படுமா, அவலும் வெல்லமும் சரிப்படுமா என்று முன்பே ஓடிப் பார்த்து எழுதி வைத்திருந்தால், அன்று காலை அந்தப் பக்கத்தைப் புரட்டினால் போதும்.