துருவ வட்டத்தில் தேனிலவு: பின்லாந்துப் பயணத்தைத் திட்டமிடும் முறை

திருமண அழைப்பிதழ் அச்சாகும் முன்னரே தேனிலவுக்கான ஊரைத் தேர்ந்துவிடும் இளையோர் இன்று பலர். மலைவாழிடங்களையும் கடற்கரைகளையும் தாண்டி, பனி மூடிய வடதிசை நாடுகளை நோக்கி அவர்களின் விருப்பம் திரும்பியுள்ளது. எம் கிளைகளுக்கு அந்நியச் செலாவணி கேட்டு வரும் புதுமணத் தம்பதியரிடம் இதைக் காண்கிறோம். இவ்விதழின் பாடமாக, பின்லாந்து நாட்டின் லாப்லாந்துப் பகுதிக்கு ஒரு தேனிலவுப் பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதைக் காண்போம். இது இன்பப் பயணம். அதே வேளையில், இருவர் சேர்ந்து எடுக்கும் முதல் பெரிய நிதி முடிவும் இதுவாகவே அமைகிறது. ஆகவே இதைக் கவனத்துடன் அணுகுதல் தகும்.

ஊரை அறிதல்

லாப்லாந்தின் தலைநகர் ரோவனியெமி. ஆர்க்டிக் வட்டம் நகருக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வடக்கே செல்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் இந்நகரை எரித்து அழித்தனர். போருக்குப் பின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ, கலைமானின் கொம்பு வடிவில் தெருக்களை அமைத்து நகரை மீண்டும் திட்டமிட்டார். கிறிஸ்துமஸ் தாத்தாவின் கிராமம், ஆர்க்டிகும் அருங்காட்சியகம் ஆகியன இங்கு உள்ளன. மேலும் வடக்கே இனாரி என்னும் ஊரில், அம்மண்ணின் பூர்வகுடிகளான சாமி மக்களின் வாழ்வை விளக்கும் சீடா அருங்காட்சியகத்தைக் காணலாம்.

தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து ரோவனியெமிக்கு விமானமும் உண்டு. இரவு ரயிலும் உண்டு. ரயிலில் இருவர் உறங்கும் தனியறை கிடைக்கும். இரவு ரயிலைத் தேர்வோருக்கு ஓர் இரவின் விடுதி வாடகை மிச்சமாகிறது. பனிக்காட்டின் நடுவே கண்விழிக்கும் காலைப்பொழுதும் வாய்க்கிறது.

எந்த மாதத்தில் செல்வது?

நம் முகூர்த்த மாதங்களையும் அந்நாட்டின் பருவங்களையும் ஒப்பிட்டு நோக்கினால் தெளிவு பிறக்கும்.

தை, மாசியில் மணம் முடிப்போர்: பிப்ரவரியும் மார்ச்சும் மிகவும் ஏற்றவை. பனி ஆழமாக நிற்கும், பகற்பொழுதும் நீண்டுவரும், இரவில் துருவ ஒளியைக் காணவும் வாய்ப்புண்டு.

வைகாசி, ஆனியில் மணம் முடிப்போர்: ஜூன் மாதத்தில் ரோவனியெமியில் நள்ளிரவிலும் சூரியன் மறைவதில்லை. ஏரி, காடு, படகு என்று மகிழலாம். ஆனால் பனியும் இராது, துருவ ஒளியும் தென்படாது.

ஆவணியில் மணம் முடிப்போர்: செப்டம்பரில் இலைகள் செம்மையும் பொன்மையும் கொள்ளும். இரவு இருளத் தொடங்குவதால் துருவ ஒளியும் தெரியும். குளிரும் தாங்கக்கூடியது.

ஐப்பசி, கார்த்திகையில் மணம் முடிப்போர்: பனி இன்னும் நிலைக்காத, மேகமூட்டம் மிகுந்த இடைக்காலம் குறுக்கிடும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் கூட்டத்தால் கட்டணங்கள் உச்சத்தைத் தொடும். பகலொளியும் ஓரிரு மணி நேரமே. இவர்கள் மார்ச் வரை பொறுத்திருப்பது நன்று.

துருவ ஒளியைப் பற்றி ஒரு சொல். சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் வளிமண்டலத்தின் உயர் அடுக்குகளில் மோதும்போது இவ்வொளி தோன்றுகிறது. நாம் மிகுதியும் காணும் பச்சை நிறத்தை ஆக்சிஜன் தருகிறது. பின்லாந்து மக்கள் இதனை ‘ரெவோந்துலெத்’, அதாவது நரித்தீ என்பர். பனியில் ஓடும் நரியின் வால் தெறித்த பொறிகள் என்பது அவர்தம் பழங்கதை. வானம் தெளிவாக இருந்தால் மட்டுமே இது தெரியும். ஆகவே உறுதியாகக் காட்டுவோம் என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணம் கட்ட வேண்டா. அங்கே நான்கு இரவுகளேனும் தங்குவதே வாய்ப்பைப் பெருக்கும் வழி.

விசா: முன்னேற்பாடே பாதி வெற்றி

பின்லாந்து ஷெங்கன் நாடுகளுள் ஒன்று. பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாட்களில் முடிவு தெரியும். சில வேளைகளில் 45 நாட்கள் வரையும் ஆகலாம். பெரியவர் ஒருவருக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் இத்தொகை திரும்பாது. எனவே விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையிலேயே விடுதிகளை முன்பதிவு செய்தல் வேண்டும்.

கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். குறைந்தது 30,000 யூரோ காப்புடைய பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இங்கே புதுமணத் தம்பதியர் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பெயர். வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்தாகவும் கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயராகவும் இருப்பது நம்மிடையே வழக்கம். மணமான கையோடு கணவர் பெயரை ஓர் ஆவணத்தில் மட்டும் சேர்த்தால் குழப்பம் மேலும் வளரும். விமானச் சீட்டு, விசா, காப்பீடு, அட்டை ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர் அமையட்டும். பெயர் மாற்றம் தேவையெனில் பயணத்துக்குப் பின் ஒருசேரச் செய்துகொள்ளலாம்.

இரண்டாவது, மொய்ப்பணம். விண்ணப்பத்துடன் வங்கிக் கணக்கு அறிக்கையும் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன் திடீரெனப் பெருந்தொகை ஒன்று ரொக்கமாக வரவு வைக்கப்பட்டிருந்தால், அதன் மூலம் எது என்ற ஐயம் அதிகாரிக்கு எழுவது இயல்பு. மணமக்கள் தம் திருமணத்தின்போது பெறும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஆயினும் மொய் நோட்டையும் அழைப்பிதழையும் பத்திரப்படுத்துங்கள். வரவின் காரணத்தை விளக்கும் சிறு கடிதம் ஒன்றையும் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்.

சேமித்துச் செல்வதா, கடன் பெற்றுச் செல்வதா?

இப்பாடத்தின் மையம் இதுவே. பயணத்துக்கு ரூ.5 லட்சம் தேவை என்று கொள்வோம்.

கடன் வழி: 12 சதவீத வட்டியில், 36 மாதங்களில் அடைக்கும் தனிநபர் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.16,607. மொத்தம் செலுத்துவது ஏறத்தாழ ரூ.5,97,850. அதாவது வட்டி மட்டும் ரூ.97,850-ஐ ஒட்டி வரும்.

சேமிப்பு வழி: இருவரும் தலைக்கு ரூ.20,000 வீதம், மாதம் ரூ.40,000-ஐ ஓராண்டுத் தொடர் வைப்பில் செலுத்துகின்றனர். 6.5 சதவீத வட்டி எனில், அசல் ரூ.4,80,000, வட்டி ஏறத்தாழ ரூ.16,900. கையில் சேர்வது ரூ.4,97,000-ஐ ஒட்டிய தொகை.

இரு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு ரூ.1 லட்சத்துக்கும் மேல். மாதந்தோறும் ரூ.40,000 ஒதுக்குவது எல்லோருக்கும் இயலாது என்பதும் உண்மையே. இயலாதோர் நாட்களைக் குறைக்கலாம்; காலத்தை ஒன்றரை ஆண்டாக நீட்டலாம். தேனிலவு திருமணத்துக்கு மறுவாரமே நிகழ வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. முதல் திருமண நாளில் சென்றாலும் அது தேனிலவே.

கடன் வழங்குவது எம் தொழில். ஆயினும் இதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். திருமணச் செலவுக்கே தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் இரண்டாவது தவணையும் சேர்ந்தால், வாடகையும் மளிகையும் முதல் மாதமே பேச்சுக்குரிய பொருளாகிவிடும். இல்லறத்தின் தொடக்க நாட்கள் அத்தகைய பேச்சில் கழிதல் கூடாது. எனவே முடிவெடுக்கும் முன், தத்தம் வருமானத்தையும் ஏற்கெனவே உள்ள கடன்களையும் பெற்றோருக்கு அனுப்பும் தொகையையும் இருவரும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் மறைத்த கடன், பின்னர் வெளிப்படும்போது தொகையைவிடப் பெரிதாகத் தெரியும்.

பணத்தை எடுத்துச் செல்லும் முறை

வடதிசை நாடுகளுள் ஸ்வீடன், நார்வே, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகியவை தத்தம் நாணயங்களைக் கொண்டவை. பின்லாந்தில் யூரோவே நாணயம். செலாவணி மதிப்பு மாறிக்கொண்டே இருக்கும். 4,000 யூரோ தேவைப்படும் பயணத்தில், ஒரு யூரோவின் விலை ரூ.10 ஏறினால் செலவு ரூ.40,000 கூடிவிடும். ஆகவே அந்நியச் செலாவணி அட்டையில் சில தவணைகளாக யூரோவை ஏற்றிவருதல் இடரைப் பகிரும் வழியாகும்.

அங்கே ஏறத்தாழ எல்லா இடங்களிலும் அட்டை செல்லும். ரொக்கம் சிறிதளவே போதும். உங்கள் பற்று அட்டையிலும் கடன் அட்டையிலும் வெளிநாட்டுப் பயன்பாட்டு வசதியை முன்கூட்டியே இயக்கிவிடுங்கள். அட்டை வழங்கப்படும்போது இவ்வசதி அணைக்கப்பட்டே இருக்கும்.

கடையில் அட்டையைச் செலுத்தும்போது ‘ரூபாயிலா, யூரோவிலா?’ என்று இயந்திரம் கேட்கக்கூடும். எப்போதும் யூரோவையே தேர்க. ரூபாயைத் தேர்ந்தால், மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு நிர்ணயிக்கும். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமானதே.

கணவர் பெயரில் ஓர் அட்டை, மனைவி பெயரில் ஓர் அட்டை என இருவரும் தனித்தனியே வைத்திருத்தல் நலம். ஒன்று தொலைந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும். அட்டையை முடக்கும் உதவி எண்ணைத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும்.

தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். சுற்றுலாத் தொகுப்பு வாங்கினால் டிசிஎஸ் எனப்படும் வரி வசூலிக்கப்படும். இதன் விகிதம் நிதிநிலை அறிக்கைகளில் மாறிவருவதால், பணம் செலுத்தும் நாளில் உள்ள விகிதத்தைக் கேட்டறிக. இது கூடுதல் செலவு அன்று. வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளத்தக்கது.

உடை, உணவு, நகை

ரோவனியெமியில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 30 பாகை வரையும் இறங்கக்கூடும். உடலை ஒட்டிக் கம்பளி உள்ளாடை, அதன்மேல் தடித்த மேலாடை, அதன்மேல் காற்றுப் புகாத உறை என மூன்று அடுக்காக அணிக. பருத்தி வியர்வையைத் தேக்கிக் குளிரூட்டும், உள்ளடுக்குக்கு ஆகாது. ஒருமுறை மட்டுமே பயன்படும் கனத்த உடையை விலைக்கு வாங்காமல் அங்கே வாடகைக்குப் பெறலாம்.

பனி ஊர்தி ஓட்ட விரும்புவோர், தம் காப்பீடு அவ்விளையாட்டுக்கும் பொருந்துமா என்று படித்தறிதல் வேண்டும். ஊர்திக்குச் சேதம் நேர்ந்தால் ஓட்டுநர் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் கையொப்பமிடும் முன் கேளுங்கள்.

இறைச்சி, பால் பொருட்களை இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு செல்ல அனுமதியில்லை. நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே இருக்கட்டும். பருப்புப்பொடியும் அரிசியும் போதும். சமையலறையுடன் கூடிய மரக்குடில் எடுத்தால் உணவுச் செலவு பெரிதும் குறையும். குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது. புட்டி நீருக்குப் பணம் விரயமாக்க வேண்டா.

தாலியைத் தவிர ஏனைய நகைகளைப் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துச் செல்க. அவசர உதவிக்கு அந்நாட்டில் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.

நிறைவாக

புறப்படும் முன் செய்ய வேண்டிய பணி ஒன்று எஞ்சியுள்ளது. திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் நியமனதாரர் யார் என்று பாருங்கள். பலரது கணக்கில் அவ்விடம் வெற்றாகவே கிடக்கும். 2025 நவம்பர் முதல் வைப்புக் கணக்குகளுக்கு நால்வர் வரை நியமிக்கலாம் என்பதால், பெற்றோரை நீக்காமலே வாழ்க்கைத் துணையையும் சேர்க்க இயலும். பயணச் செலாவணிக்காகக் கிளைக்கு வரும் அதே நாளில், இருவரும் சேர்ந்தே இப்படிவத்தையும் நிரப்பித் தந்துவிடுங்கள்.