பதினைந்து வயதுக்காரனுக்கு அணில் படம் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

திருப்பூரில் இடைநின்ற பிள்ளைகளுக்கான மையத்தில் சேரப்போவதாக எழுதியிருந்தாய். அவர்களிடம் அன்பாக இருப்பேன் என்கிறாய். இரு. ஆனால் அந்த வயதுப் பிள்ளைகள் உன்னிடம் முதலில் தேடுவது வேறொன்று. தங்களால் படிக்க முடியும் என்று இந்த டீச்சர் உண்மையாகவே நம்புகிறாரா? இதை அவர்கள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வருகிறவர்களில் பலர் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவி ஆளாக, நின்றவர்களாக இருப்பார்கள். சனிக்கிழமை சம்பளத்தை அம்மா கையில் கொடுத்தவனைச் சின்னப் பிள்ளையாக நடத்தினால் மறுநாள் வரமாட்டான். அவனைப் பிடித்து உட்கார வைக்கச் சட்டமும் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. நடுவில் நிற்கும் பதினைந்து வயதுக்காரனை நாளைக்கும் வரவைப்பது, இன்று உன் வகுப்பில் அவனுக்குப் புரிந்த ஏதோ ஒன்றுதான்.

அவர்களில் சிலருக்குச் சரளமாக வாசிக்க வராது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்காத முறையை இதற்காகத் திட்டாதே. ஃபெயில் ஆக்கியிருந்தால் அவன் ஆறாம் வகுப்பிலேயே போயிருப்பான். வாசிக்க வராததை மறைப்பதில் அவன் கெட்டிக்காரன். பக்கத்தில் இருப்பவன் சொன்னதைக் காதில் வாங்கித் தான் படித்ததுபோலச் சொல்வான். முறை தன்னிடம் வரும்போது தண்ணீர் குடிக்கப் போவான். பிறர் முன்னால் அவனை எழுப்பி வாசிக்கச் சொல்லாதே. தனியே உட்கார வைத்து, எந்த இடத்தில் தடுக்குகிறான் என்று பார்.

பெரும்பாலும் தடுக்குவது ஒருசில இடங்களில்தான். உகர, ஊகார வரிசைகளில் குறி ஒரே மாதிரி இருக்காது: கு, சு, து ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். கொ, கோ எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசையோ பின்னால் வருகிறது. சின்ன வயதில் யாரோ அவசரமாகத் தாண்டிப்போன இடங்கள் இவை. அவன் தமிழ் பேசுகிறவன். சொற்களெல்லாம் அவனிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே அரிச்சுவடியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. அ-வுக்குப் பக்கத்தில் அணில் படம் போட்ட புத்தகத்தை அவன் கையில் கொடுக்கவே கொடுக்காதே. விளையாட்டுப் பக்கச் செய்தியைக் கொடு, அவன் சொல்லச் சொல்ல நீ எழுதிய அவனுடைய பேச்சையே வாசிக்கக் கொடு.

கணக்கில் அவன் உன்னை அசத்துவான். ஒரு பீஸுக்கு இத்தனை பைசா என்றால் இத்தனை டஜனுக்கு எவ்வளவு என்று வாயாலேயே சொல்வான். அதையே சமன்பாடாக எழுதச் செய். அதோடு நிறுத்திவிடாதே. "இவர்களுக்கு இது போதும், வாழ்க்கைக்கு உதவும் கணக்கு தெரிந்தால் சரி" என்று நல்ல மனசோடு சொல்பவர்கள் உண்டு. நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. பித்தாகரஸ் தேற்றம் அவனுக்கும் உரியது. ஒரு மணி நேரம் போராடி அதை அவனாகவே நிறுவிக் காட்டும்போது, தான் மக்கு என்று இத்தனை வருடம் நம்பிவந்தது முதல்முறையாக ஆட்டம் காணும்.

அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திராவில் சாந்தா சின்ஹா தலைமையில் எம்.வி. ஃபவுண்டேஷன் நடத்திய இணைப்பு முகாம்கள் இந்த நம்பிக்கையில்தான் நின்றன. வேலைக்குப் போன பிள்ளைகளை முகாமில் தயார்படுத்தி, வழக்கமான பள்ளியிலேயே சேர்த்தார்கள். ஏழைக்கென்று தனியாக ஒரு குறைந்த படிப்பை அவர்கள் ஏற்கவில்லை. 2003இல் சாந்தா சின்ஹாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. உன் மையமும் ஒரு வாசலாக இருக்கட்டும். பிள்ளைகள் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

பள்ளிக்குத் திரும்ப முடிந்தவனைப் பள்ளிக்கே அனுப்பு. முடியாதவனுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது: 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒவ்வொரு பாடமாகக்கூடத் தேறலாம், தேறியது கைவிட்டுப் போகாது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவனுக்கு இது பெரிய ஆறுதல். மாநிலப் பாடத்திட்டத்தில் தனித்தேர்வராக எழுதுவதென்றால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். அந்த அறிவிப்பைத் தவறவிட்டால் பையனுக்கு ஒரு வருடம் போய்விடும். தேதியை நீயே கவனி. அவன் தலையில் கட்டாதே.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போதைக்கு இது மட்டும்: ஒரு பெண் திடீரென்று வராமல் போய், வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு காதில் விழுந்தால், யோசித்துக்கொண்டிருக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடு.

மற்றவர்கள் வராமல் போனால் இரண்டாம் நாளே வீட்டுக்குப் போ. ஒரு வாரம் விட்டால் கம்பெனியில் புது ஆளாகச் சேர்ந்திருப்பான், அப்புறம் முன்பணக் கணக்கும் வந்து சேரும். வீட்டில் அப்பா அம்மாவுக்குப் புத்தி சொல்லாதே. கடன் எவ்வளவு, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள். மாலை வகுப்பு வைத்தால் அவனால் வர முடியுமா என்று கேள். முடியும் என்றால் அன்று மாலையே வகுப்பைத் தொடங்கு.

அன்புடன்,
அக்கா