மானாவாரிக் கோதுமை: எந்த ரகத்தை நம்பலாம்?

மத்திய இந்தியாவின் மால்வா, புந்தேல்கண்ட் பகுதிகளில் மானாவாரிக் கோதுமை பெரும்பாலும் பருவமழை மண்ணில் விட்டுச்சென்ற ஈரத்திலேயே விளைந்தாக வேண்டும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் அந்த ஈரம் தீர்ந்துவிடும். இங்கே ரகங்களின் சராசரி மகசூலை மட்டும் பார்த்து விதை வாங்குவது வம்பு. பாசனத் திடல்களின் விளைச்சலும் சேர்ந்தால் சராசரி தானாக ஏறிவிடும்.

ஒரு கணக்குக்காக மூன்று ரகங்களை வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு முதல் ரகம் பாசனத்தில் 50 குவிண்டால், வறட்சியில் 15. இரண்டாவது 30, 19. மூன்றாவது 20, 16. ஃபிஷரும் மௌரரும் 1978-இல் தந்த வறட்சிக் குறியீடு, ரகத்தின் இழப்பு விகிதத்தை எல்லா ரகங்களின் சராசரி இழப்போடு ஒப்பிடுகிறது. அதன்படி 20 சதவீதமே இழக்கும் மூன்றாவதுதான் முதலிடம். ஆனால் வறட்சியிலும் களத்துக்கு அதிகம் வருவது இரண்டாவது. நல்ல ஆண்டிலேயே சொற்பமாக விளைவதற்கு இழக்க என்ன இருக்கிறது?

நிலைத்தன்மைக்கு ஃபின்லே, வில்கின்சன் 1963-இல் பார்லியை வைத்துக் காட்டிய வழி உண்டு. ஒவ்வோர் இடத்தின் சராசரி விளைச்சலுக்கு எதிரே ரகத்தின் விளைச்சலைக் குறித்துக் கோடு போடுவார்கள். கோட்டின் சரிவு 1-க்கு மேல் போனால், வளமான இடத்தில் பாயும், வறண்ட இடத்தில் படுக்கும். சரிவு குறைந்தும், வறண்ட திடல்களில் சராசரியை மிஞ்சியும் இருப்பதே நமக்கு வேண்டியது.

தண்ணீர் உறுதியாக உண்டா? ஜி.டபிள்யூ. 322 போன்ற பாசன ரகத்துக்கே போங்கள். இல்லையென்றால் பழைய நெட்டை ரகமான சி 306-ஐ ஏளனம் செய்ய வேண்டாம். குட்டை ரகங்கள் பலவற்றில், உயரத்தைக் குறைக்கும் மரபணுவே முளையைப் போர்த்தி மேலே கொண்டுவரும் உறையையும் குறுக்கிவிடுகிறது. மேல்மண் காய்ந்து, ஈரம் தேடி ஆழமாக விதைத்தால் அவை வெளியே வரத் திணறும், நெட்டை எழுந்துவிடும். மாட்டுக்குத் தாளும் கூடுதல். உரமும் நீரும் தாராளமாகக் கொடுத்தால் மட்டும் சாய்ந்துவிடும்.

சி 306-இன் பெரிய பலவீனம் துரு நோய். அதைச் சரிசெய்ய நம் நீலகிரி வெலிங்டன் ஆய்வு நிலையத்தில் அதிலிருந்தே எச்.டபிள்யூ. 2004-ஐ உருவாக்கினார்கள். இந்தூர் நிலையத்தின் எச்.ஐ. 1500-ம் மானாவாரிக்கென்றே வந்தது. இரண்டையும் அடுத்தடுத்த பாத்தியில் விதைத்துப் பார்க்கலாம். ஆழமில்லாத மண்ணென்றால் சீக்கிரம் முதிர்வதையே எடுங்கள். ஒரே ஆண்டுப் புள்ளிவிவரத்தைக் காட்டி விதை விற்க வந்தால், மழை பொய்த்த ஆண்டின் எண்ணைக் கேளுங்கள்.