அனர்த்த தண்டமும் ஒரு பொழுதுபோக்கும்

இல்லறத்தார்க்குரிய விரதங்கள் பன்னிரண்டு. அவற்றுள் அணுவிரதம் ஐந்து, குணவிரதம் மூன்று, சிட்சாவிரதம் நான்கு என்பது நாம் அறிந்ததே. குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதத்தை நாம் பெரும்பாலும் பெயரளவில் கற்றுக் கடந்துவிடுகிறோம். கொல்லாமையும் பொய்யாமையும் நினைவில் நிற்பதுபோல் அது நிற்பதில்லை. அமெரிக்காவில் பணிபுரியும் நம் சமுதாய இளைஞர் ஒருவர் எழுப்பிய வினா, அவ்விரதத்தை மீண்டும் எடுத்துப் படிக்க நம்மைத் தூண்டியது.

அவ்விளைஞர் விடுமுறை நாட்களில் நண்பர்களுடன் சேர்ந்து தோல் வேலை பழகுகிறார். கைத்துப்பாக்கிக்கு உறையும், தோட்டாக்களைச் செருகி வைக்கும் கச்சையும் செய்து நண்பர்களுக்கு அளிக்கிறார், விலை பெறுவதில்லை. மகனைக் காணச் சென்ற அன்னையார் அவ்வுறையைக் கையில் வாங்க மறுத்துவிட்டார். ஆனால் ஏன் என்று விளக்க அவரால் இயலவில்லை. “விலங்கைக் கொன்றவன் நான் அல்லன்; துப்பாக்கியைச் சுடுபவனும் நான் அல்லன்; இடையில் இருந்து தைப்பது மட்டுமே என் வேலை. அதுவும் வெறும் பொழுதுபோக்கு. இதில் குற்றம் எங்கே?” என்பது மகனின் வினா.

விடை கூறுமுன் அக்கைவினையைச் சற்று அறிந்துகொள்வோம். அறியாததைப் பழிப்பது நற்காட்சி உடையார்க்கு அழகன்று.

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் குதிரையூர்ந்து திரிந்தோரிடம் 19ஆம் நூற்றாண்டில் வழங்கியவை இவ்வுறைகள். 1950களில் அக்காலத்தைக் காட்டும் திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் பெருகவே, இவற்றைத் தம் கையால் செய்யும் ஆர்வமும் பரவியது. 1919இல் டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் ஒர்த் நகரில் காலணித் தோல் வணிகமாகத் தொடங்கிய டாண்டி நிறுவனம், பிற்காலத்தில் இத்தகைய ஆர்வலர்க்குத் தோலும் கருவிகளும் விற்பதில் பெயர்பெற்றது. பழங்கால உடையணிந்து பழங்காலத் துப்பாக்கியால் இலக்கை நோக்கிச் சுடும் போட்டிகளுக்காக 1987இல் ஒரு சங்கமும் அங்குத் தோன்றியது.

உறை செய்யும் முறை வருமாறு: தோட்டா நீக்கிய துப்பாக்கியை அட்டையின்மேல் வைத்து வடிவம் வரைவர். அதன்படி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கனமுள்ள மாட்டுத்தோலை வெட்டுவர். அத்தோல் மரப்பட்டைச் சாற்றினால் பதனிட்டதாக இருத்தல் வேண்டும். குரோமிய உப்பினால் பதனிட்ட தோல் வடிவைப் பிடித்து நில்லாது. அதில் தங்கும் உப்பு இரும்பையும் அரிக்கக்கூடும். விளிம்பில் துளையிட்டு, மெழுகு தடவிய ஒரே நூலின் இருமுனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிரே செல்லுமாறு தைப்பர். ஓரிடத்தில் இழை அறுந்தாலும் மறுபுறத்து இழை பிடித்து நிற்கும். பின்னர் உறையை நீரில் நனைத்து, துப்பாக்கியையோ அதன் மாதிரியையோ உள்ளே செருகி, எலும்புத் தகட்டினால் அழுத்தி வடிவம் படியச் செய்து உலர்த்துவர். தோட்டாக் கச்சையிலும் இவ்வாறே, ஒவ்வொரு தோட்டாவின் பருமனுக்கும் ஏற்பத் தோல் வளையங்களை அமைப்பர்.

பொறுமையும் கைத்திறனும் வேண்டும் வேலை இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பலகையின்மேல் இருக்கும் பொருள்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். தோல் மாட்டினுடையது. அதை மென்மையாக்கப் பூசும் நீட்ஸ்புட் எண்ணெய் மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. நூலுக்கும் விளிம்புக்கும் தடவுவது தேன்மெழுகு. அழுத்தும் தகடு எலும்பு. மதுவும் ஊனும் தேனும் நீக்குதலை மூலகுணத்தில் வைத்துப் போற்றும் குடும்பத்துப் பிள்ளையின் கையில் இத்தனையும் சேர்ந்துவிட்டன. தோற்பையில் வைத்த நீர், எண்ணெய், பெருங்காயம் ஆகியவற்றையும் விலக்குமாறு 13ஆம் நூற்றாண்டில் ஆசாதரர் தம் சாகாரதர்மாமிர்தத்தில் விதித்ததை இங்கு நினைத்தல் தகும். “இறைச்சிக்காகக் கொன்றதன் எச்சமே தோல்” என்பர். எச்சத்திற்கும் விலை உண்டு. அவ்விலை கொலைக்களத்திற்கே சென்று சேர்கிறது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் பாடம். கொன்றவன் நான் அல்லன் என்னும் முதல் விடை இவ்விடத்தில் தளர்கிறது.

இனி இரண்டாவது விடையைக் காண்போம். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகச் சிராவகாசாரத்தில் அனர்த்த தண்டத்தை ஐந்தாகப் பகுத்தார். பாவோபதேசம், இம்சாதானம், அபத்தியானம், துச்சுருதி, பிரமாதசரியை என்பன அவை. அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பின் வாயிலாக நம் முன்னோர் இவற்றைத் தமிழில் கற்றனர். இம்சாதானம் என்பது கொலைக்கு ஏதுவான பொருள்களைப் பிறர்க்கு வழங்குதல். வாள், நஞ்சு முதலியவற்றோடு மண்வெட்டியும் அப்பொருள்களுள் எண்ணப்படுகிறது. உழவையே தொழிலாகக் கொண்ட நம் குடும்பங்களில் மண்வெட்டி இல்லாத வீடு ஏது? ஆகவே விலக்கப்பட்டது பொருளன்று. பயன் கருதாது, பெறுபவர் என் செய்வார் என்றும் ஆராயாது கொடுத்தலே விலக்கப்பட்டது.

இங்கு இளைஞர் பக்கத்து நியாயத்தையும் கூறிவிடுவோம். நல்ல உறை துப்பாக்கியின் விசையை மூடிக் காக்கிறது; தவறுதலாக விசை இழுபட்டு உயிர் போகாமல் தடுக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அதிகாரத்தில் உமாசுவாமிகள் வினையூற்றுக்குச் சார்பாகும் சடப்பொருட் செயல்களைக் கூறுகையில், ஆக்குதலோடு வைத்தலையும் சேர்த்தார். பாராது வைத்தலும் விரைந்து வைத்தலும் குற்றம் என உரையாசிரியர் விளக்குவர். ஆதலின் ஆயுதத்தைக் காப்புடன் வைக்க உதவும் உறைக்கு ஒரு நன்மை உண்டு. நாட்டைக் காக்கும் வீரர்க்கும் காவலர்க்கும் அஃது இன்றியமையாதது. சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என்னும் நால்வகை இம்சையுள், தற்காப்பின்பாற்பட்ட விரோத இம்சையை இல்லறத்தான் முற்றிலும் துறக்க இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்தே இருந்தனர்.

ஆனால் நம் இளைஞர் வீரர்க்குத் தைக்கவில்லை, பிழைப்பிற்கும் தைக்கவில்லை. “வெறும் பொழுதுபோக்கு” என்று அவரே கூறுகிறார். எச்சொல்லைத் தமக்குப் புகலிடமாகக் கொண்டாரோ, அச்சொல்லிலேயே குற்றம் அமைந்துள்ளது. அர்த்தம் என்பது பயன்; அனர்த்தம் பயனின்மை. தேவை நேர்ந்தவிடத்துச் செய்யும் இம்சைக்குத் தேவை ஓர் எல்லையாக நிற்கும். பொழுதுபோக்கிற்கு அவ்வெல்லை இல்லை. உழுபவன் விதைத்ததும் ஏரை நிறுத்துகிறான்; விளையாட்டாகச் செய்பவன் எதைக் கண்டு நிறுத்துவான்? அன்னையார் சொல்லத் தெரியாமல் உணர்ந்தது இதுவே எனக் கருதுகிறோம்.

அப்படியாயின் அவர் கற்ற கைத்திறன் வீணா? இல்லை. தோட்டாக் கச்சையின் வரலாறே ஒரு வழி காட்டுகிறது. தோலிலுள்ள புளிப்புச் சாறு பட்டுப் பித்தளைத் தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறும். அதனால் அவை துப்பாக்கியில் சிக்கிக்கொள்ளும். 1867இல் தோட்டாக் கச்சைக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கப் படை அதிகாரி அன்சன் மில்ஸ், பின்னர் வளையங்களும் கச்சையும் ஒன்றாகவே அமையுமாறு பருத்தி நூலால் நெய்யும் முறையைக் கண்டார். அந்நாட்டுப் படையும் தோலை விடுத்துப் பருத்திக் கச்சையை ஏற்றது. அவர் அறம் கருதிச் செய்யவில்லை. ஆயினும் இவ்வேலைக்குத் தோல் இன்றியமையாதது அன்று என்பது அன்றே விளங்கிவிட்டது.

ஆகவே அவ்விளைஞர்க்கு நாம் எழுதிய விடை இது: ஊசியைக் கீழே வைக்க வேண்டா; தோலையும் துப்பாக்கியையும் மட்டும் விலக்குக. அதே இரட்டை ஊசித் தையல் கெட்டியான பருத்தித் துணியிலும் அழகுற அமையும். தோட்ட வேலைக்குரிய கத்தரிக்கோலுக்கும், தச்சரின் அளவுகோலுக்கும் உறை தைக்கலாம். சுவாத்தியாயத்திற்கு எடுத்துச் செல்லும் நூலுக்கு ஒரு பை தைக்கலாம். தேன்மெழுகிற்குப் பதிலாகத் தாவர மெழுகு கிடைக்கிறது. அடுத்த முறை அன்னையார் வரும்போது, அவர் தயங்காமல் கைநீட்டி வாங்கும் பொருள் ஒன்று அப்பலகையின்மேல் இருக்கட்டும்.

நம் இல்லங்களிலும் பொழுதுபோக்கு எனப் பெயரிட்டுச் செய்பவை பல. அவற்றுள் ஒன்றையேனும் இவ்வாரம் எடுத்து, இதனால் விளையும் பயன் யாது, வருந்தும் உயிர் எது என்று குடும்பத்துடன் அமர்ந்து ஆராய்வோமாக. விரதத்தைப் பெயரளவில் அறிவதிலிருந்து பொருளளவில் அறிவதற்கு அதுவே முதற்படி.