கட்டடம் ஏன் இடிகிறது?

சென்ற விடுமுறையில் பயிற்சிக்காக ஒரு கட்டட வேலையிடத்திற்குச் சென்றிருந்தேன். தூணுக்குக் கான்கிரீட் போட்டுக் கொண்டிருந்தார்கள். கலவை இறுகலாக இருக்கிறதென்று ஒருவர் மேலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். தவறென்று எனக்குத் தெரியும். ஆயினும், “படிக்க வந்த பையனுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சத்தால் வாய் திறக்கவில்லை. அந்தத் தூணின்மேல் இப்போது மாடிகள் எழுந்திருக்கும். அந்த உறுத்தலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஒரு வாளித் தண்ணீரில் என்ன வந்துவிடும் என்று பிற துறை நண்பர்கள் வினவலாம். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் போதும். மிகுதியான நீர் பின்னர் ஆவியாகிறது; அது இருந்த இடத்தில் நுண்துளைகள் எஞ்சுகின்றன. அவற்றால் கான்கிரீட்டின் வலிமை குறைகிறது. ஈரமும் உட்புகுந்து கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியுள்ள கான்கிரீட்டையே பிளந்துவிடுகிறது.

கட்டடம் என்பது பாரத்தைக் கைமாற்றும் ஓர் ஏற்பாடு. தளத்தின் பாரத்தை உத்தரமும், உத்தரத்தின் பாரத்தைத் தூணும், தூணின் பாரத்தை அடித்தளமும் வாங்கி மண்ணிடம் சேர்க்கின்றன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும் ஆபத்தே. பெரும் விபத்துகளில் பல தவறுகள் ஒன்று சேர்ந்திருக்கக் காணலாம்.

டாக்கா அருகே சவாரில் இருந்த ராணா பிளாசா இதற்குத் தக்க சான்று. குளத்தைத் தூர்த்த நிலத்தில் எழுந்த எட்டு மாடிக் கட்டடம் அது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாகத் திட்டமிட்டதில் தையல் ஆலைகள் புகுந்தன. அனுமதியின்றி மேல்மாடிகள் ஏறின. அவற்றில் அதிரும் மின்னாக்கிகளையும் வைத்தார்கள். 2013 ஏப்ரல் 23 அன்று விரிசல்கள் தோன்றின. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆலைத் தொழிலாளரையோ மறுநாள் காலை வேலைக்கு வரச் சொன்னார்கள். அன்று காலையே கட்டடம் சரிந்தது. 1,100 பேருக்கு மேல் மாண்டனர். கட்டடம் ஒரு நாள் முன்னதாகவே எச்சரித்தும், கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை!

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2001 ஜனவரி 26 அன்று கட்சில் நேர்ந்த நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல விழுந்தன. அவற்றுள் பலவற்றில் தரைத்தளம் வண்டி நிறுத்துவதற்காகச் சுவரின்றி விடப்பட்டிருந்தது. மேலே சுவர்களோடு விறைப்பான மாடிகள். கீழே வெறும் தூண்கள். நிலம் ஆடியபோது அத்தூண்களே முழு அசைவையும் தாங்க நேர்ந்து முறிந்தன.

தடுக்கும் வழிகள் அரியவை அல்ல. மண்ணைச் சோதித்த பின்னரே அடித்தளம் வகுக்க வேண்டும். கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாளாவது ஈரம் காயாமல் காக்க வேண்டும். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள உத்தரத்தின் கீழுள்ள முட்டுகளைப் பதினான்கு நாள் வரையிலும் எடுக்கலாகாது. தூணைக் குடைவதும், கணக்கிடாமல் மாடி ஏற்றுவதும் கூடவே கூடா.

விடுதியில் வாழும் நாமும் கண் திறந்திருக்க வேண்டும். பூச்சில் தோன்றும் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. ஆனால் தூணில் விரிசல் கண்டாலோ, உத்தரத்தின் முனையருகே சாய்ந்த விரிசல் கண்டாலோ, ஒரு விரிசல் நாளுக்கு நாள் அகன்றாலோ, நன்றாக மூடிய கதவு திடீரென இறுகிக் கொண்டாலோ, உடனே வெளியேறிப் பொறியாளரை அழைக்க வேண்டும்.

நான் பயின்ற வேலையிடத்துப் பொறியாளருக்கு நேற்றுக் கடிதம் எழுதினேன். எந்தத் தூண், எந்த நாள் என்று குறித்து, அதைச் சோதித்துப் பார்க்குமாறு வேண்டியிருக்கிறேன். உடைக்காமலே சோதிக்கும் கருவிகள் இன்று உண்டு. அவர் சினந்தாலும் சினக்கட்டும். அன்றே சொல்லியிருந்தால் ஒரு வாளித் தண்ணீரோடு போயிருக்கும். நண்பர்களே, தவறு கண்ட இடத்தில் அப்போதே சொல்லுங்கள். கூச்சத்திற்கு இடம் கொடாதீர்கள்.