முன்வார்ப்புக் கான்கிரீட் தளம்: சுமையும் நில அதிர்வும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சிமெண்டும் உருக்குக் கம்பியும் இந்தியப் பெருநிலப் பகுதியிலிருந்து கப்பலில் வரவேண்டியவை. கடற்கரை மணலெடுப்பைப் படிப்படியாகக் குறைக்குமாறு உச்சநீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டபின் மணலும் அருமைப் பொருளாயிற்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யுமிடத்தில் சாரம் கட்டித் தளம் வார்ப்பதும் எளிதன்று. எனவே முன்வார்ப்புத் தளம் இங்கு ஆராயத்தக்க முறையாகும்.

ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த பலகை-விட்ட முறையை எடுத்துக்கொள்வோம். பலகையின் நீளம் 1.5 மீட்டர் வரை. அகலம் 30 செ.மீ.; கனம் இடத்துக்கிடம் 30 முதல் 60 மி.மீ. வரை. எடை சுமார் 50 கிலோ, இருவர் தூக்கிவிடலாம். பலகைகளைத் தாங்கும் விட்டம் 15 செ.மீ. அகலமும் அதே உயரமும் உடையது. பலகையின் மெல்லிய பகுதிக்கு மேலுள்ள பள்ளத்தில் கான்கிரீட் நிரப்பி, விட்டத்திலிருந்து நீட்டி நிற்கும் வளையக் கம்பிகளால் பிணைக்கும்போது மொத்த உயரம் 21 செ.மீ. ஆகிறது.

இந்த 15-க்கும் 21-க்கும் இடையிலுள்ள வேற்றுமையே பாடத்தின் உயிர். புதுக் கான்கிரீட் இறுகும்வரை அதன் எடையையும் வேலையாட்களின் எடையையும் 15 செ.மீ. விட்டம் தனித்தே சுமக்கிறது. இறுகியபின் மேற்பகுதி அமுக்கத்தையும், அடிக்கம்பிகள் இழுவிசையையும் ஏற்று, இரண்டும் ஒரே உறுப்பாக வளைகின்றன. ஆதலால் நடுமுட்டுகளை அவசரப்பட்டு எடுப்பது பெருந்தவறு. அறையின் அகலம் 4 மீட்டரிலிருந்து 5 மீட்டரானால், அதே சுமைக்கு வளைவுத் திருப்புத்திறன் 56 விழுக்காடும், தொய்வு ஏறக்குறைய இரண்டரை மடங்காகவும் உயரும் என்பதையும் மாணவர் கருதவேண்டும்.

செங்குத்துச் சுமையோடு கணக்கு முடிவதில்லை. 2002-ஆம் ஆண்டு நில அதிர்வு வரைபடத்தில் இத்தீவுகள் முழுவதும் மிகக் கடுமையான ஐந்தாம் மண்டலத்தில் அமைந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் திக்லிபூர்ப் பகுதியும், 2004 டிசம்பர் 26-இல் தீவுகள் அனைத்தும் அதிர்ந்தன. அதிர்வில் தளம், சுவர்களுக்கு விசையைப் பகிர்ந்தளிக்கும் ஒரே தகடுபோல் இயங்கவேண்டும். தனித்தனிப் பலகைகளால் அது இயலாது. 1988-இல் ஆர்மீனியாவில் முன்வார்ப்புச் சட்டகக் கட்டடங்கள் பல சரிந்து நொறுங்கியதற்குத் தளத் துண்டுகளின் பிணைப்புக் குறைவும் ஒரு காரணம். மேலே இடும் கான்கிரீட்டில் 6 மி.மீ. கம்பிகளை இருதிசையிலும் 15 செ.மீ. இடைவெளியில் பரப்பி, முனைகளைச் சுவர்மேற் கட்டுவளையத்தில் பொருத்தவேண்டும் என இந்தியத் தரவிதி கூறுவது இதனால்தான். மணலும் சிமெண்டும் மிச்சப்படும் என்று இம்மேற்படையை விட்டுவிடுவது, தீவின் பஞ்சத்தைத் தவறான இடத்தில் தீர்ப்பதாகும்.

ஐயமிருப்பின் சுமைச் சோதனை செய்யலாம். குடியிருப்புக்குரிய சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன். சோதனைக்கு அதன் ஒன்றேகால் மடங்கை 24 மணி நேரம் வைக்கவேண்டும். 25 செ.மீ. ஆழத்துக்கு நீர் தேக்கினாலே இச்சுமை கிடைத்துவிடும். மணல் மூட்டை தேடவேண்டியதில்லை. 4 மீட்டர் நீளத்துக்குத் தொய்வு சுமார் 3 மி.மீ.க்குள் நின்றால் போதும். மிகுந்தால், சுமையை அகற்றிய 24 மணி நேரத்துக்குள் அதில் 75 விழுக்காடு மீளவேண்டும். மீளாவிடில் 72 மணி நேரம் கழித்து மறுசோதனை. அதில் 80 விழுக்காடு மீளாத தளம் ஏற்கத்தக்கதன்று.