மூக்குக்குள் அரை மில்லிமீட்டர்

மூக்கடைப்பால் அவதிப்படாதவர் எவரும் இல்லை. சாதாரணத் தடுமன் என்றால் ஒரு வாரத்திலோ பத்து நாளிலோ தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு அது மாதக்கணக்கில் நீடிக்கிறது. முகம் கனக்கிறது, மணம் தெரிவதில்லை, இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்க வேண்டியிருக்கிறது. காலையில் தொண்டை வறள்கிறது; பகலில் வகுப்பறையில் கண் சொக்குகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இதனைப் ‘பீனிசம்’ என்பார்கள். இத்தகைய தொல்லை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதனை நாட்பட்ட சைனஸ் அழற்சி என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள்.

இதற்காக மருந்துக்கடையில் சிறு குப்பிகள் கிடைக்கின்றன. மூக்கினுள் வைத்து அழுத்தினால் மருந்து புகைபோலத் தெளிக்கும். பார்வைக்கு இரண்டு குப்பிகள் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒன்று ஐந்து பத்து நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும். மற்றொன்றைத் தெளித்தால் அன்றைக்கு எதுவுமே நடக்காது. இவ்விரண்டில் எது நல்ல மருந்து? ‘உடனே கேட்பதுதான் நல்லது’ என்று விடை சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் மூக்கினுள் காற்று ஓடும் கணக்கைப் பார்ப்போம்.

மூக்கின் உள்ளே

மூக்கின் உட்புறம் வெறும் குழாய் அன்று. ஒவ்வொரு பக்கத்திலும், வெளிச்சுவரிலிருந்து மூன்று மேடுகள் சுருண்ட இதழ்களைப் போல நீண்டிருக்கின்றன. அவற்றுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவருக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் அகலமே கொண்ட ஒரு பிளவு. நாம் உள்ளிழுக்கும் காற்று இந்தப் பிளவின் வழியே சென்று, வெப்பமும் ஈரமும் பெற்று, தூசு நீங்கி நுரையீரலை அடைகிறது.

மேடுகளின் மேலுள்ள சளிச்சவ்வில் நுண்ணிய குருதிக் குழாய்கள் நிறைந்துள்ளன. அவை நிரம்பினால் சவ்வு பஞ்சுபோலப் புடைக்கும், சுருங்கினால் தாழும். நலமாக உள்ளவர்களுக்கும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் புடைத்து மறு பக்கம் தாழ்வதுண்டு. எனவே ஒரு நாசி சிறிது அடைத்து, பின்னர் அது மாறிக்கொண்டே இருந்தால் அது நோயன்று. அதற்கு மருந்தும் வேண்டாம்.

மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளில் நான்கு இணைக் காற்றறைகள் உள்ளன. இவையே சைனஸ்கள். இவை சிறு துளைகளின் வழியே மூக்கினுள் திறக்கின்றன. கன்னத்திலுள்ள சைனஸின் துளை, அறையின் அடியில் இல்லாமல் மேற்பகுதியில் இருக்கிறது! எனவே அங்கே சுரக்கும் சளி தானாக வழிந்து வெளியேற முடியாது. குறுஇழைகள் என்னும் மிக நுண்ணிய மயிர்கள் ஓயாமல் துடித்து, சளியைப் புவியீர்ப்புக்கு எதிராக மேலே தள்ளி வெளியேற்றுகின்றன. துளையைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கினால் வாசல் அடைபடுகிறது. சளி உள்ளே தேங்குகிறது. முகம் கனப்பது இதனால்தான்.

ஒரு சிறு கணக்கு

பிரான்சு நாட்டு மருத்துவர் பாய்சொய், குருதி எவ்வாறு ஓடுகிறது என்று அறிய விரும்பினார். அதற்காக 1840ஆம் ஆண்டையொட்டி மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி ஆராய்ந்தார். அழுத்தம் மாறாதிருக்கும்போது, குழாயில் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்று கண்டார். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

மூக்கினுள் இருப்பது வட்டக் குழாய் அன்று, பிளவு. பிளவில் ஓட்டம் அதன் அகலத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. பிளவின் அகலம் 2 மி.மீ. என்று கொள்வோம். இரு புறமும் சவ்வு கால் மி.மீ. வீங்கினால் அகலம் 1.5 மி.மீ. ஆகும். இப்போதைய அகலம் முன்பிருந்ததில் முக்கால் பங்கு. 0.75 × 0.75 × 0.75 = 0.42. அதாவது ஓட்டம் பாதிக்கும் கீழே போய்விட்டது. இரு புறமும் அரை மி.மீ. வீங்கினால் அகலம் 1 மி.மீ.; ஓட்டம் எட்டில் ஒரு பங்கு!

மூக்கில் காற்று சில இடங்களில் சுழன்றும் ஓடுவதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அது சொல்லும் உண்மை மாறாது. சவ்வில் அரை மில்லிமீட்டர் வீக்கம் போதும், மூச்சு முட்டுவதற்கு. அந்த அரை மில்லிமீட்டரைக் குறைத்தால் போதும், மூச்சு தாராளமாக வருவதற்கு.

விரைவாகத் திறக்கும் மருந்து

முதல் வகைக் குப்பியில் உள்ளவை சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற மருந்துகள். உடலில் அட்ரினலின் செய்யும் வேலையை இவை மூக்கினுள் செய்கின்றன. குருதிக் குழாய்களின் தசையில் உள்ள ஏற்பிகளில் பொருந்தி, குழாய்களைச் சுருக்குகின்றன. பஞ்சைப் பிழிந்ததுபோலச் சவ்வு தாழ்கிறது. பிளவு 1 மி.மீ.யிலிருந்து 1.5 மி.மீ. ஆனாலே ஓட்டம் மூன்று மடங்குக்கு மேல் பெருகும். எனவேதான் இதன் பயன் மாயம்போலத் தோன்றுகிறது.

ஆனால் வீக்கத்துக்கான காரணம் நீங்கவில்லை. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் தீர்கிறது. மறுபடியும் தெளிக்கிறோம். சில நாட்கள் இவ்வாறு தொடர்ந்தால், ஏற்பிகள் மருந்துக்கு முன்போல இணங்குவதில்லை. மருந்து தீர்ந்ததும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக விரிகின்றன. சவ்வு முன்னிலும் அதிகமாக வீங்குகிறது. இதனை எதிர்வீக்கம் எனலாம். இப்போது மூக்கை அடைப்பது தடுமன் அன்று, மருந்தே அடைக்கிறது!

மூன்றாம் அடுக்கு விதி இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது. எதிர்வீக்கம் கால் மில்லிமீட்டர் கூடினாலும் மூச்சு முட்டும். பயந்துபோய் மறுபடி தெளிக்கிறோம். நாளுக்கு இருமுறை என்பது நான்கு முறையாகி, குப்பியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கும் நிலை வருகிறது. மருத்துவர்கள் இந்த நிலையை 1940களிலேயே விவரித்திருக்கிறார்கள். இன்றும் இதில் சிக்குவோர் உண்டு.

ஆகவே விதி எளியது: இவ்வகை மருந்தை மருத்துவர் வேறு விதமாகச் சொன்னாலன்றி மூன்று நாளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. மாதக்கணக்கில் நீடிக்கும் அடைப்புக்கு இது மருந்தே அன்று. உயர் குருதி அழுத்தம், இதய நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. சைலோமெட்டசோலின் பெரியவர்களுக்கு 0.1 விழுக்காடு, சிறுவர்களுக்கு 0.05 விழுக்காடு என இரு செறிவுகளில் வருகிறது; ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் குப்பியை எட்டாத உயரத்தில் வையுங்கள். ஓரிரு மில்லிலிட்டரை விழுங்கினாலே சிறு குழந்தைகளுக்குப் பெரும் ஆபத்து நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012இல் எச்சரித்தது.

ஏற்கெனவே எதிர்வீக்கத்தில் சிக்கியவர் என்ன செய்வது? அஞ்ச வேண்டாம், மருந்தை நிறுத்தினால் சவ்வு மெல்ல மெல்லத் தேறிவிடும். முதல் சில நாட்கள்தான் கடினம். மருத்துவரிடம் சொன்னால், முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துவது, இடையே இரண்டாம் வகை மருந்தைத் தொடங்குவது போன்ற வழிகளைக் காட்டுவார்.

மெதுவாகக் கேட்கும் மருந்து

இரண்டாம் வகைக் குப்பியில் இருப்பவை ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்துகள். இவை குழாயைப் பிழிவதில்லை. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் செல்கள் உண்டாக்குவதையே குறைக்கின்றன. எனவே இவற்றின் பயன் தெரியச் சில நாட்கள் ஆகும். முழுப் பயன் கிடைக்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஒரு நாள் தெளித்துவிட்டு, ‘இது கேட்கவில்லை’ என்று தூக்கி எறிவோர் பலர். அவர்கள் எறிவது தங்களுக்கு ஏற்ற மருந்தை!

இவற்றால் எதிர்வீக்கம் ஏற்படுவதில்லை. நாட்பட்ட சைனஸ் அழற்சிக்கு இவையும், பின்னர் நாம் காணவிருக்கும் உப்பு நீருமே அடிப்படைச் சிகிச்சை. மருந்து சைனஸ் அறையினுள் அதிகம் புகுவதில்லை. எனினும் வாசலைச் சுற்றியுள்ள வீக்கம் வடிந்தால், குறுஇழைகள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். மூக்கு வறட்சி, சிறிது குருதிக் கசிவு ஆகியவை சிலருக்கு நேரலாம். ஸ்டீராய்டு மருந்து என்பதால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். வளரும் வயதினருக்கு இது மிகவும் முக்கியம்.

துளிகளின் இயற்பியல்

மருந்தை ஏன் துளிகளாகச் சிதற அடிக்க வேண்டும்? ஓர் அழுத்தலில் 0.1 மி.லி. மருந்து வருவதாகக் கொள்வோம். அது ஒரே துளியாக இருந்தால் விட்டம் ஏறத்தாழ 5.8 மி.மீ.; பரப்பு ஏறத்தாழ 1 ச.செ.மீ. அதையே 50 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக்கினால் 15 லட்சம் துளிகள் கிடைக்கும். மொத்தப் பரப்பு 120 ச.செ.மீ.! அதே மருந்து சவ்வின் மேல் பரவலாகப் படிகிறது.

அப்படியானால் இன்னும் நுண்ணிய துளியாக்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. துளியின் விட்டம் 10 மடங்கானால் நிறை 1000 மடங்காகும். ஆனால் மெதுவான ஓட்டத்தில் காற்றின் தடை 10 மடங்கே ஆகும். ஆகவே பெரிய துளி தன் நிலைமத்தால் நேரே சென்று, மூக்கின் வளைவில் மோதிப் படிகிறது. 10 மைக்ரானுக்கும் சிறியவை காற்றோடு வளைந்து நுரையீரல் வரை போய்விடக்கூடும். மூக்குக்கான மருந்து மூக்கிலேயே தங்க, துளி மிகப் பெரிதாகவும் கூடாது, மிகச் சிறிதாகவும் கூடாது.

தெளிக்கும் முறை

1. முதலில் மூக்கை மெதுவாகச் சிந்துங்கள்.

2. குப்பியைக் குலுக்குங்கள். புதியதாக இருந்தாலும், பல நாள் பயன்படுத்தாமல் இருந்தாலும், சீரான தூறல் வரும்வரை காற்றில் சிலமுறை அழுத்துங்கள்.

3. தலையைச் சற்று முன்னே குனியுங்கள். அண்ணாந்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும்.

4. வலது கையால் இடது நாசியிலும், இடது கையால் வலது நாசியிலும் தெளியுங்கள். அப்போது முனை தானாகவே வெளிப்புறம், அதாவது அந்தப் பக்கத்துக் காதை நோக்கி இருக்கும். நடு இடைச்சுவரில் நேராக அடித்தால் அங்கே புண்ணாகிக் குருதி கசியும்.

5. தெளிக்கும்போது மெதுவாக மூச்சை இழுங்கள். ‘சர்’ என்று உறிஞ்சக் கூடாது. மருந்தின் கசப்பு தொண்டையில் தெரிந்தால், முறை தவறிவிட்டது என்று பொருள்.

6. முனையைத் துடைத்து மூடுங்கள். ஒருவர் குப்பியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

உப்பு நீர்

வெறும் நீர் மூக்கினுள் போனால் ‘சுரீர்’ என்று எரிகிறது. சவ்வூடு பரவலால் நீர் செல்களுக்குள் புகுவதே காரணம். 0.9 விழுக்காடு உப்புக் கரைசல் உடல் நீர்மங்களுக்குச் சமமான செறிவுடையது, எனவே எரிவதில்லை. கால் லிட்டர் நீருக்கு 2.25 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான அயோடின் சேர்க்காத உப்பு போதும். இது தேங்கிய சளியையும் தூசியையும் கழுவிவிடும். யோகப் பயிற்சியில் இதனை ஜலநேதி என்பர். மருந்து தெளிப்பதற்கு முன் கழுவினால், மருந்து சளியின் மேல் படியாமல் சவ்வின் மேல் படியும்.

ஆனால் குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே பயன்படுத்தாதீர்கள். நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபௌலேரி என்னும் அமீபா மூக்கின் வழியே மூளையை அடைந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இவ்வாறு இறந்தனர். நீரை ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறிய பின்னரே பயன்படுத்துங்கள். அதே நீரைக் குடித்தால் இந்த ஆபத்து இல்லை. மூக்கில் ஏற்றினால்தான் ஆபத்து.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல் அல்லது இரட்டைப் பார்வை, கடும் காய்ச்சலுடன் தலைவலி, கழுத்து விறைப்பு ஆகியவை தோன்றினால் அன்றே செல்ல வேண்டும். ஒரே பக்கத்து அடைப்பு நீடித்துக் குருதியும் வந்தால் காத்திருக்கலாகாது.

இனி மருந்துக்கடையில் குப்பியை வாங்கும்போது, அதன் மேலுள்ள பெயரைப் படியுங்கள். அது சவ்வைப் பிழியும் மருந்தா, அழற்சியைத் தணிக்கும் மருந்தா என்று பாருங்கள். முன்னது மூன்று நாள் விருந்தாளி. பின்னது மெதுவாக வந்தாலும் நெடுநாள் துணை.

செய்து பாருங்கள்

ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயை ‘ட’ போல வளையுங்கள். ஒரு முனையில் உலர்ந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, மறு முனையில் துணி தேய்ப்பவர் பயன்படுத்தும் நீர்த் தெளிப்பானால் தெளியுங்கள். காகிதம் எவ்வளவு நனைகிறது? பின்னர் குழாயை உலர்த்தி, ஊதுபத்திப் புகை நிரப்பிய பிளாஸ்டிக் புட்டியின் வாயை அதில் பொருத்தி மெல்ல அழுத்துங்கள். புகை என்ன ஆகிறது? ஏன்?

விடை காணுங்கள்

1. பிளவின் அகலம் 2 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ. ஆனால், காற்றோட்டம் முன்பிருந்ததில் எத்தனை பங்காகும்?

2. துளியின் விட்டம் 50 மைக்ரானுக்குப் பதில் 100 மைக்ரான் என்றால், 0.1 மி.லி. மருந்தில் எத்தனை துளிகள் இருக்கும்? மொத்தப் பரப்பு என்ன?